கண்ணாடி போடாத படம்

டிரைவர் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். படியேறி உள்ளே வந்தது அவருடைய மகள்தான். கையில் பழைய துண்டு சுற்றிய படம். அதை மேசைமேல் அவள் வைத்த வேகத்தில், வெட்டி அடுக்கியிருந்த பாஸ்போர்ட் படங்கள் நாலைந்து பறந்து தரையில் விழுந்தன.

அந்தப் போட்டோக் கடையை நடத்தும் போட்டோக்கா குனிந்து அவற்றை எடுத்தாள். யார் முகமாக இருந்தாலும் தரையில் கிடப்பது அவளுக்கு ஆகாது. அதுவரைகூட அந்தப் பெண் காத்திருக்கவில்லை.

"அக்கா, இது நீங்க போட்டுக் குடுத்த படம்தானே?"

"துண்டை எடும்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

துண்டை விலக்கியதும் போட்டோக்கா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். படம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டிரைவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள். கடைசி நடையை முடித்துப் பணிமனையில் நிறுத்திய பஸ்ஸின் முன்கதவில் சாய்ந்துகொண்டு அவர் மனைவி சிரிக்கிறாள். கண்டக்டர் போனில் எடுத்தது. அந்தம்மாள் படம் எடுத்த இரண்டாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷி, வாழ்நாளில் நேராகப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு படத்தில்தான் என்று டிரைவர் அப்போது சொல்லியிருந்தார்.

இப்போது அந்த முகம் தண்ணீருக்கு அடியில் கிடந்தபடி மேலே பார்க்கிற முகமாக இருந்தது. நெற்றியெல்லாம் பாசிநிறம். கண்ணுக்குக் கீழே வெளிறிய சாம்பல். சிரிப்பு மட்டும் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்றேன்கா. வந்ததும் சுவத்துல இதைப் பாக்கறேன். அப்பாகிட்ட கேட்டா, என்ன கேக்கறேன்னே அவருக்குப் புரியல. கடைசியில, 'அப்பா, நீங்க ஓட்டின பஸ் என்ன கலரு'ன்னு கேட்டேன். 'சிவப்பு'ன்னாரு. 'இதுல என்ன கலரு'ன்னேன்." அவள் துண்டைச் சுருட்டினாள். "அப்பறம் ரெண்டு நாளா மனுஷன் வாயே திறக்கல."

போட்டோக்கா வாசலைப் பார்த்தாள். டிரைவர் தெருவைப் பார்த்துக்கொண்டு, அங்கே போகிற வண்டிகளுக்கு வழிவிடுகிறவரைப் போல ஓரமாக நின்றார்.

"ஐயா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

"இருக்கட்டும்மா. பொண்ணு பேசட்டும்."

"நீங்க அசல் மைன்னு சொல்லித்தானே போட்டீங்க? ஊத்தற மையில போட்டுட்டு அசல்னு சொன்னீங்களா? பக்கத்துல கடையே அதானே நடக்குது!"

அது எல்லாரும் அறிந்ததுதான். அந்த வீட்டின் முன்னறை பலகைத் தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருந்தது. வாசலுக்குப் பக்கவாட்டில் இருந்த பாதி அவள் கணவனுடையது. அவரை மைக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வீட்டுப் பிரிண்டர்களின் காலிக் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, ஊசியால் துளைத்து, சிரிஞ்சில் மை ஏற்றி, மறுபடி ஓடவைத்துக் கொடுப்பார். சொந்தமாகப் புட்டியிலும் விற்பார். வலது கையில் நாலு விரலுக்கு நாலு நிறம். எந்தச் சோப்புக்கும் போகாது. கார்ட்ரிட்ஜின் நெற்றியில் சின்னதாக ஒரு செப்புத் தகடு இருக்கும். மை எவ்வளவு மிச்சம் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். தீர்ந்தது என்று அது சொல்லிவிட்டால் மெஷின் மூச்சு விடாது. அந்தத் தகட்டை 'முழுசா இருக்கு' என்று பொய் சொல்லவைக்க, பேனா மூடி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். 

வாசலுக்கு நேரே இருந்த பாதி அவளுடையது. பாஸ்போர்ட் படம், பெரிது பண்ணுகிற படம், பழைய படத்தில் கோடு அழிப்பது. பள்ளிப் பாடமும் ரசீதும் அடிக்க அவர் மை போதும், முகம் என்றால் அசல் கார்ட்ரிட்ஜ்தான் என்பதில் அவள் கறார். "புருஷன் விக்கற மையை பொண்டாட்டியே வாங்கறதில்ல" என்று தெருவில் கேலிகூடப் பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

"அம்மாடி, என்னை எத வேணா சொல்லு. அதச் சொல்லாத." போட்டோக்கா அலமாரியைத் திறந்தாள். முத்திரை கிழிக்காத அட்டைப்பெட்டிகள் இரண்டு. "பாரு. அசலத் தவிர இந்த மெஷின்ல நான் வேறெதையும் தொட்டதில்ல. கார்ட்ரிட்ஜ் வாங்கறது, மாட்டறது எல்லாம் இவருதான். என்னங்க! இங்க வந்து நீங்களே சொல்லுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிஞ்சு வைக்கிற தட்டின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். படத்தைப் பார்த்தார். துடைக்கிற கை நின்றது.

"வெயில்தான்," என்றார். "ஜன்னலுக்கு நேரா மாட்டியிருப்பீங்க."

"ஜன்னல் பக்கம்தான் தம்பி," என்றார் வெளியிலிருந்து டிரைவர். "காலை வெளிச்சம் அவ மேல விழணும்னுதான்."

"கண்ணாடியும் போடல."

"கண்ணாடி வேணாம்னு நான்தாம்பா சொன்னேன்." காரணத்தை மகள்தான் சொன்னாள்: "வெளியில கிளம்பறப்ப அம்மா கன்னத்தத் தொட்டுட்டுத்தான் போவாரு. கண்ணாடி போட்டா சில்லுனு இருக்குதாம்."

கோபத்தில் வந்தவள் அதைச் சொன்னதும் இறங்கிவிட்டாள். மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"சரிக்கா. வெயிலோ என்னமோ. பைல் இருக்குமில்ல? இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

"அழிச்சுட்டேன்மா," என்றாள் போட்டோக்கா. வேலை முடிந்த முப்பதாம் நாள் எந்தப் படத்தையும் அழித்துவிடுவாள். பெண்பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள இங்கே தைரியமாக வருவதே அதனால்தான். அது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம், பெருமையும்கூட.

"போன்ல இருக்குமே ஐயா?"

"அந்தப் போன் வாளித் தண்ணியில விழுந்து செத்துப்போச்சும்மா. படம்தான் சுவத்துல இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அந்தக் கண்டக்டரு?"

"எங்க இருக்கான்னே தெரியல."

மேலே மின்விசிறி மட்டும் கட்டிவைத்த ஆடு கயிற்றை இழுப்பதுபோல் கிறீச்சிட்டது.

"படத்த விட்டுட்டுப் போங்க," என்றாள் போட்டோக்கா. "இதுலேர்ந்தே எடுக்க முடியுதான்னு பாக்கறேன். நாளைக்குக் காலையில வாங்க. வாக்குக் குடுக்க மாட்டேன். பாக்கறேன்."

அவர்கள் போனதும் அவள் சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக மடக்கிப் படத்தை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். சட்டத்தின் உதட்டுக்குள் ஒளிந்திருந்த ஓரம், நகக்கண் அகலம், நாலு பக்கமும் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. மேல் ஓரத்தில் பஸ்ஸின் சிவப்பு, பழுத்த மிளகாய்ச் சிவப்பு. கீழ் ஓரத்தில் அந்தம்மாள் போர்த்தியிருந்த சால்வையின் மஞ்சள். அந்த ஓரத்தைத் தாண்டினால் எல்லாமே பாசி.

அவள் சமையலறைக்குப் போய், அங்கே ஜன்னல் பக்கம் ஆணியில் தொங்கிய தன் தம்பி படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதற்கும் கண்ணாடி கிடையாது. அடுப்புப் புகை, ஆவி, வெயில் எல்லாம் பட்ட படம். தம்பியின் சட்டை கொஞ்சம் வெளுத்திருந்தது. முகம் முகமாகவே இருந்தது. பின்பக்கம் அவள் எழுதியிருந்த தேதியைப் படித்தாள். இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்தாள்.

"என்னங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிஞ்சைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இது ஆறு வருஷம். அது மூணு வருஷம். ரெண்டும் ஒரே மெஷின், ஒரே தாளு. இது அடுப்பங்கரையில தொங்குச்சு. அது கூடத்துல தொங்குச்சு. வெயில்னு சொன்னீங்களே, எந்த வெயிலுங்க அது?"

மைக்காரர் தடுப்பின் ஓரத்தில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தன் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில், எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேக்கறேன்ல?"

"ஒரு தடவதான்னு நெனச்சேன்," என்றார்.

"என்னது ஒரு தடவ?"

"உன் அசல் கார்ட்ரிட்ஜ் தீந்துபோச்சு. வாங்கிட்டு வரச் சொன்ன. கடையில இல்ல. அடுத்த வாரம் வரும்னாங்க. நீ அவசரம்னு குதிச்ச. பழைய அசல் கூட்டுக்குள்ளயே என் மைய ஏத்தி, தகட்டயும் சரி பண்ணி, பெட்டியில போட்டு ஒட்டிக் குடுத்தேன்."

"ஒட்டி."

"நீ கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன். அன்னைக்கு முழுக்க உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். நீ ஒரு குழந்தை படம் போட்ட. தூக்கிப் பிடிச்சு, 'பாத்தீங்களா, இதாங்க அசல்'னு என்கிட்டயே காட்டின. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எனக்கும்… உங்க அண்ணன் வீட்டுல அத்தன பேர் நடுவுல, 'இவர் மை ரசீதுக்குத்தான் லாயக்கு'ன்னு நீ சொன்ன. நான் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? அன்னைக்கு அந்தப் படத்த நீ தூக்கிப் பிடிச்சப்ப, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என் மை ஜெயிச்சிருச்சுன்னு இருந்துச்சு."

"எவ்வளவு நாளு?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல. அப்பறம் நிறுத்திட்டேன். இப்ப அலமாரியில இருக்கறது நெஜம்."

"நிறுத்தினீங்க. ஏன் நிறுத்தினீங்க?"

மைக்காரர் தன் பக்கம் போய், இழுப்பறையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துவந்தார். அட்டையில் இரண்டு பட்டைகள் ஒட்டியிருந்தன. இரண்டிலும் வரிசையாக நிறக்கட்டங்கள். ஒன்றின் கீழ் 'அ' என்றும் மற்றதன் கீழ் 'நா' என்றும் பென்சிலில் எழுதியிருந்தது. அசல், நான். பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மீதியை ஜன்னலில் வெயில் பட வைத்திருக்கிறார்.

"நான் கண்ணை மூடிட்டு ஊத்தல. அதுக்கு முன்னாடியே எட்டு மாசம் வெயில்ல வச்சுப் பாத்திருந்தேன். பாரு, ரெண்டுலயும் வித்தியாசமே இல்ல. இதை நம்பித்தான் செஞ்சேன்."

அவள் பட்டையைத் தடவிப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைத் தூக்கினாள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை.

"லேமினேட் பண்ணியிருக்கீங்க."

"ஜன்னல்ல மழை அடிக்குமேன்னு…"

"காத்தே படாம மூடிவச்சுப் பாத்திருக்கீங்க." அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "அவரு படத்துக்குக் கண்ணாடியும் இல்ல, உறையும் இல்ல. வெயில் மட்டுமா, காத்தும் தின்னுச்சு. கையும் பட்டுச்சு."

"எனக்கு அது அப்பறம்தான் உறைச்சுது. போன வருஷம் ஒரு கடைக்காரர் விலைப்பட்டியல காட்டினாரு. சிவப்பெல்லாம் ஓடிப்போயிருந்துச்சு. அன்னைக்குத்தான் நிறுத்தினேன்."

"போன வருஷமே தெரியும்."

அவர் மேசைமேல் இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக் கேட்டாளே. நான் அலமாரியத் திறந்து பெட்டியக் காட்டினேனே. நீங்க வந்து நின்னு வெயிலுன்னீங்களே."

"கடை போயிரும்டி." அவர் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "இந்த மையில போட்டா முகம் பச்சையாகும்னு தெருவுல பரவினா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககூட வராது. நாளைக்குப் படத்த எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துருவோம். அசல் மையிலயே போடு. பேச்சில்லாம முடிஞ்சிரும்."

போட்டோக்கா தம்பி படத்தைத் திருப்பி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். என்னைப் பொய்க்காரியாக்கினது நீங்க. சொல்ற வரைக்கும் அந்த டிரைவர் ஐயா மூஞ்சியப் பாத்து நான் எதுவும் பேச மாட்டேன்."

ராத்திரியாயிற்று. உருளைக்கிழங்கு வெந்தது. உரிக்கும்போது விரல் சுட்டது, அவள் ஊதிக்கொள்ளவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஸ்கேனர் பக்கம் போய்விட்டாள். வெளியே நாலு நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த வானம் இன்னும் பிடிவாதமாக மழையை இறக்கவில்லை. கதவெல்லாம் உப்பி, இழுத்தால் முனகியது.

மறுநாள் காலை அப்பனும் மகளும் வந்தபோது திரையில் பஸ் சிவப்பாகியிருந்தது. ஓரத்தில் பிழைத்த நிறத்தை அளவாக வைத்து, எந்த நிறம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று போட்டோக்கா கணக்குப் போட்டு, உள்ளே உள்ளே கொண்டுபோயிருந்தாள். சால்வையும் வந்துவிட்டது. பின்னால் பணிமனைச் சுவர், எண்ணெய்க்கறை எல்லாம் வந்துவிட்டன. முகம்தான் வரவில்லை. முகத்தில் ஒரு பொட்டுகூட ஓரத்துக்குள் ஒளிந்திருக்கவில்லையே.

டிரைவர் இந்தமுறை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்ததும், "அட, நம்ம வண்டி," என்றார். "முன் கண்ணாடியில அந்த விரிசல்கூடத் தெரியுது பாரு. டெப்போ மேனேஜர்கிட்ட ஆறு மாசம் சொன்னேன், மாத்தவே இல்ல. நான் ரிட்டயர் ஆன மறுநாள் மாத்திட்டான் பாவி."

மகள் சிரித்தாள். போட்டோக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க பாரும்மா," என்று மகளிடம்தான் பேசினாள். "ஓரத்துல நிறம் பிழைச்சிருக்கற வரைக்கும்தான் திரும்ப எடுக்க முடியும், முகத்துக்கு அது இல்ல. அம்மா என்ன நிறம்? கறுப்பா, மாநிறமா? நான் குத்துமதிப்பா போட்டா வேற யாரோ ஆயிருவாங்க."

"மாநிறம்தான்."

"மாநிறத்துல நூறு இருக்கு."

"அப்பா, சொல்லுங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளின் நிறம் என்ன என்று யோசித்த அந்த முகத்தை, போட்டோக்கா பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அவ… வெயில்ல நின்னா ஒரு மாதிரி, வீட்டுக்குள்ள ஒரு மாதிரி…" என்றார். "எனக்கு இப்ப நெனச்சா இந்தப் படத்துல இருக்கற மாதிரிதாம்மா வருது. இந்தப் பச்சையாட்டம்."

மைக்காரர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

அந்தப் பெண்தான் சட்டென்று எழுந்து, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தாள். "நான் அம்மா நிறம்கா. எல்லாரும் சொல்வாங்க. வெளிய தெரியற கை கறுத்துப்போச்சு. உள்பக்கம் பாருங்க." முழங்கையின் உள்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். நேற்று மேசைமேல் படத்தை அறைந்து வைத்த அதே கை.

அப்படித்தான் அந்தக் காலை போனது. போட்டோக்கா நிறத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், விரலளவுத் தாளில் அடிப்பாள். மகள் அதைக் கைமேல் வைத்துப் பார்ப்பாள். "சிவப்பு ஜாஸ்தி." "இப்ப?" "காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு." "இப்ப?" "அம்மா இவ்வளவு வெளுப்பு இல்லப்பா, கனவுல வேணா இருக்கலாம்." டிரைவர் ஒவ்வொரு துண்டையும் வாங்கி முழங்காலில் வரிசையாக வைத்துக்கொண்டார், டிக்கெட் மாதிரி. மைக்காரர் அலமாரியிலிருந்து முத்திரையிட்ட பெட்டியை எடுத்துவந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிழித்துப் புதுக் கார்ட்ரிட்ஜை மாட்டினார். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தவரும் அவர்தான். சர்க்கரை போட மறந்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை.

பதினோராவது துண்டைக் கைமேல் வைத்ததும் எங்கே துண்டு, எங்கே கை என்று தெரியவில்லை.

பெரிய தாள் மெஷினுக்குள் போனது. முதலில் பஸ்ஸின் கூரை வந்தது. பிறகு நெற்றி. பிறகு கண். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா," என்றாள். "அப்பா, அம்மாப்பா."

டிரைவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"அவதான்," என்றார். பிறகு, "இந்தப் பக்கக் கன்னத்துல ஒரு தழும்பு இருக்கும்மா. சின்னப் புள்ளையில அம்மை போட்டது. பயறு அளவு. அது வரலியா?"

போட்டோக்கா பழைய படத்தை எடுத்துக் காட்டினாள். தினமும் விரல் பட்ட கன்னம் அது. அங்கே பச்சைகூட இல்லை. தேய்ந்து வெறும் தாள் வெளுத்துக் கிடந்தது. மறுகன்னத்தைப் பார்த்துத்தான் அவள் அதை நிரப்பியிருந்தாள்.

"அது இதுல இல்லம்மா," என்றாள் மகளிடம். "இருந்தாத்தானே எடுக்க முடியும்."

"வரைய முடியாதா?"

"வரையலாம். எங்க, எப்படின்னு அப்பாவச் சொல்லச் சொல்லு."

அவர் ஆட்காட்டி விரலைப் படத்துக்கு மேலே, ஈரத்தில் பட்டுவிடாமல், நீட்டினார். விரல் கண்ணுக்குக் கீழே போனது. உதட்டோரம் வந்தது. கொஞ்சம் பின்னால் போனது. எங்கேயும் நிற்கவில்லை.

"சரி, வுடும்மா," என்றார். "இதுவே பெரிசு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நேத்து கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. அசல்னு நீங்க சொல்லியும் நான் நம்பல. வெயில் பண்ணினதுக்கு உங்களைச் சொல்லிட்டேன்." மைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்களும் மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

போட்டோக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பதிலும் சொல்லவில்லை. கணவனைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் அது தான் சொன்னமாதிரி ஆகிவிடும். தரையில் விழுந்துகிடந்த ஒரு தாள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர் படத்தைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு.

"வெயில் இல்லம்மா," என்றார் மைக்காரர்.

துண்டு நின்றது.

"என் மைதான். இவளுக்குத் தெரியாது. அசல் கூட்டுக்குள்ள நான் ஊத்திவச்சேன். இவ அசல்னு நம்பித்தான் உங்களுக்குச் சொன்னா. நேத்து வெயிலுன்னு நான் சொன்னது பொய்." நாலு நிறக் கையை வேட்டியில் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "அந்தத் தழும்பு என்னாலதான் போச்சு."

மகளின் பிடி போட்டோக்காவின் கையிலிருந்து கழன்றது. அவள் முகம் நேற்றைவிடக் கடுமையாகிவிட்டது. "எங்க அம்மாவை வச்சு சோதனை பண்ணியிருக்கீங்க," என்றாள். மைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் அப்பாவின் தோளைத் தொட்டாள். "வாங்கப்பா, போலாம்."

டிரைவர் நகரவில்லை. சுற்றிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன பேருக்கு தம்பி?"

"என்னங்கய்யா?"

"அந்த மையில. எத்தன பேரு படம்?"

மைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ராத்திரியெல்லாம் இந்த ஒரு முகத்தோடு மல்லுக்கட்டியதில், மற்ற முகங்கள் அவள் நினைப்புக்கே வரவில்லை. இரண்டு வருஷம். சின்னப் படங்களை விடுங்கள். சட்டம் போட்டு மாட்டப் போனவை மட்டும் எத்தனை.

"நாப்பது… அம்பது இருக்கும்," என்றாள். பைலை அழித்தாலும், படம் தயாரானால் சொல்ல வாங்கிவைத்த நம்பர்கள் போனில் இருந்தன.

"ஓரத்துல நிறம் இருக்கற வரைக்கும்தான் திரும்ப எடுக்கலாம்னு சொன்னியேம்மா."

"ஆமாங்கய்யா."

"எனக்கு என் பொண்ணு வந்தா, அதனால தெரிஞ்சுது. தெனமும் பாக்கறவனுக்கு இது தெரியவே தெரியாதும்மா. அந்த அம்பது பேர் வீட்டுக்கு யார் வந்து சொல்லுவா?" அவர் குரலில் கோபம் இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன் பின்கதவு சாத்தியாயிற்றா என்று கேட்கிற குரல். "கூப்புடு. நான் இருக்கேன்."

"அப்பா…"

"நீ உக்காரு."

மைக்காரர் போனை எடுத்தார். போட்டோக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். தையல்காரம்மா. அவளுடைய மகன் படம், இந்தத் தாளில் பாதி அளவு. மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். தையல்காரம்மா தனியாக இருக்கிறாள். படத்துக்குக் கண்ணாடி போட்டாளா இல்லையா என்று ஞாபகமில்லை.

மணி நாலுமுறை அடித்தது. தையல் மெஷின் நிற்கிற சத்தம் போனில் கேட்டது.

"அக்கா, நான் போட்டோக்கா பேசறேன். உங்க பையன் படம் போட்டுக் குடுத்தேனே, அது இப்ப எப்படி இருக்கு?"

"ஏம்மா, திடீர்னு?"

"சும்மா ஒரு தடவ போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா. நிறமெல்லாம் எப்படி இருக்குன்னு."

நாற்காலி நகர்ந்தது. நடக்கிற காலடி. ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம். போட்டோக்கா கணவனைப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"பாத்துட்டேன்மா," என்றது போன். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, யாரோ மகனை விசாரித்த சந்தோஷம். "ஒண்ணும் ஆகல. நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கான்."